ஒன்பது கெஜமும் ஒரு கோதடியும்

முன்னுரை

மார்கழி, தை மாதங்களில் புனே நகரின் இரவுகள் குளிர் மிகுந்தவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில், சில நாள்களில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடும். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ புதிதாக வந்து குடியேறும் தமிழ்க் குடும்பத்தார், முதல் குளிர்காலத்திலேயே கம்பளி வாங்கக் கடைக்குச் செல்வர். தலைமுறை தலைமுறையாக இங்கு வாழும் மராத்தியர் இல்லங்களிலோ, குளிருக்கு வேறொரு துணை உண்டு. அதன் பெயர் கோதடி.

பழைய புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாகத் தையலிட்டு உருவாக்கும் கனமான போர்வையே கோதடி. விரித்தால் அது படுக்கை; போர்த்தினால் போர்வை; மடித்துப் போட்டால் விருந்தினருக்கு இருக்கை.

இக்கலையைப் பொழுதுபோக்காகப் பயிலும் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை அறிந்துகொள்ள, ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். தேகு ரோட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் அது. தந்தை மைய அரசுப் பணியாளர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் ஆணை வரும், வீடு மாறும், ஊர் மாறும், பிள்ளைகளின் பள்ளியும் மாறும். ஒவ்வொரு மாற்றலின்போதும் சுமையைக் குறைத்தாக வேண்டும். இம்முறை அம்மா ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பாட்டியின் ஒன்பது கெஜப் பருத்திப் புடவை இருந்தது. பாட்டி இப்போது இல்லை. புடவையை உடுத்துவாரும் இல்லை. அதனை என்ன செய்வது என்பதே அந்த வீட்டில் எழுந்த வினா.

பழந்துணியின் மூன்று வழிகள்

பழந்துணிக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தெருவில் வரும் பாத்திரக்காரப் பெண்மணியிடம் கொடுப்பது. நான்கு பழைய புடவைகளுக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் கிடைக்கலாம். இவ்வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, மராட்டியத்திலும் உண்டு. இரண்டாவது, நினைவாகப் பெட்டிக்குள்ளேயே பாதுகாப்பது. மூன்றாவது, அதனை மற்றொரு பொருளாக மாற்றுவது.

மூன்றாவது வழியை இந்திய மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வங்காளத்தில் பழம்புடவைகளைச் சேர்த்துத் தைப்பதைக் ‘காந்தா’ என்பர். நம் மொழியில் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அதனோடு உறவுடையதே. பீகாரில் அது ‘சுஜனி’. வட கர்நாடகத்தில் அது ‘கௌதி’. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்கள் கர்நாடகக் காட்டுப் பகுதிகளில் தைக்கும் போர்வை ‘கவந்த்’ எனப்படும். அதன் நான்கு மூலைகளிலும் மலர்போல் மடித்த சிறு துணிகளை வைத்துத் தைத்த பின்னரே வேலை முடிந்ததாக அவர்கள் கருதுவர்.

மராட்டியத்தில் கந்தைக்குத் தனி மதிப்பும் உண்டு. ஊர் ஊராகச் சென்று தெருக்களைக் கூட்டித் தூய்மையைக் கற்பித்த காட்கே மகராஜ் (1876 – 1956), ஒட்டுப் போட்ட கந்தை ஆடையையே அணிந்தார். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் தமிழ்ப் பழமொழியை அறிந்தவர்களுக்கு அவருடைய வாழ்க்கை எளிதில் விளங்கும். கந்தை இழிவன்று, அழுக்கே இழிவு.

கோதடி எவ்வாறு குளிரைத் தடுக்கிறது?

ஒரே கனமான துணியைவிட, மெல்லிய துணிகள் பல சேர்ந்த போர்வை மிகுந்த வெப்பம் தருவது ஏன்? விடை, துணியில் மட்டும் இல்லை; துணிகளுக்கு இடையே உள்ள காற்றில் இருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடுக்குகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று, உடலின் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. துணிகள் விலகினாலோ ஒரு பக்கம் திரண்டாலோ இந்தக் காவல் கெடும். எனவேதான் கோதடி முழுவதும் நெருக்கமான தையல் இடப்படுகிறது. தையல் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அடுக்குகளை அவற்றின் இடத்தில் நிறுத்துவதே அதன் முதற்பணி.

கையால் தைக்கும் பெண்கள், ஊசியை மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் செலுத்தும் ஓடுதையலைப் பயன்படுத்துவர். பெரும்பாலும் ஓரத்தில் தொடங்கி, சதுரத்துக்குள் சதுரமாகச் சுற்றிச் சுற்றி நடுவை அடைவர். தரையில் விரித்து, அதன்மேலேயே அமர்ந்து, பல நாள்கள் தைப்பர். இத்தனை உழைப்பையும் எளிதாக்கும் கருவி ஒன்று, சென்ற இரு நூற்றாண்டுகளில் உலகெங்கும் பரவியது.

தையல் இயந்திரம் வந்த வரலாறு

பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலமி திமோனியே, 1830ஆம் ஆண்டில் தம்முடைய தையல் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். பாரீசு நகரில் ஏறத்தாழ 80 இயந்திரங்களைக் கொண்டு படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்று அமைந்தது. தங்கள் பிழைப்பு பறிபோகும் என்று அஞ்சிய தையற்காரர்கள், 1831இல் அங்கே புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினர். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. கையுழைப்பைத் தவிர வேறு செல்வம் இல்லாதவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் தத்தம் இயந்திரங்களுக்கு உரிமம் பெற்றனர். சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்றதனால், எளிய குடும்பங்களும் இயந்திரம் வாங்க முடிந்தது. இந்தியாவில் 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனம் ‘உஷா’ என்னும் பெயரில் தையல் இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கியது.

எந்திரங்களின் மீது மனிதர் கொள்ளும் மோகத்தைக் கடிந்துரைத்த காந்தியடிகளும், 1924ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓர் உரையாடலில், சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் குறிப்பிட்டார். தம் மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு அன்பினால் உருவாக்கிய கருவி என்பது அவர் கூறிய காரணம். மனிதரை வேலையிலிருந்து விரட்டும் கருவி வேறு. மனிதரின் வருத்தத்தைக் குறைக்கும் கருவி வேறு என்பதே அவருடைய கருத்து.

பெண்களின் வாழ்வில் இக்கருவி பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. ரமாபாய் ரானடே அம்மையார் 1909ஆம் ஆண்டில் தொடங்கிய புனே சேவாசதனம், பெண்களுக்குக் கல்வியோடு தையலையும் கற்பித்தது. தமிழ்நாட்டிலும், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அமைந்த அரசுத் திட்டத்தின் வழியாக, ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் தையல் இயந்திரங்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஓரிடத்தில் பிழைப்பைப் பறிக்கும் என்று அஞ்சப்பட்ட கருவி, மற்றோரிடத்தில் பிழைப்பைத் தந்தது.

இரு நூல்களின் பூட்டு

தையல் இயந்திரத்தில் இரண்டு நூல்கள் உள்ளன. மேல்நூல், நூல்கண்டிலிருந்து புறப்பட்டு ஊசியை அடைகிறது. கீழ்நூல், பாபின் என்னும் சிறு உருளையில் சுற்றப்பட்டுத் துணிக்கு அடியில் இருக்கிறது. கையூசிக்குக் காது மேல்முனையில் இருக்கும். இயந்திர ஊசிக்கோ காது கூர்முனையின் அருகிலேயே இருக்கும். ஊசி துணியைத் துளைத்துக் கீழே சென்று, சிறிது மேலே எழும்போது மேல்நூல் ஒரு சிறு வளையமாகத் தளர்கிறது. அடியில் சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பற்றிப் பாபினைச் சுற்றிக் கொண்டுசெல்கிறது. இவ்வாறு மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஒற்றை நூலால் ஆன சங்கிலித் தையலின் முனையை இழுத்தால், முழுத் தையலும் பிரிந்துவிடலாம். பூட்டுத்தையல் அவ்வாறு எளிதில் பிரியாது.

இரு நூல்களின் இழுவிசையும் சமமாக இருத்தல் வேண்டும். கீழ்நூல் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மேல்நூல் இறுக்கமாக உள்ளது என்பது பொருள். துணியின் அடியில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், அது தளர்ந்துள்ளது என்பது பொருள். பயிற்சி உடையவர் தையலைப் பார்த்தே இயந்திரத்தின் நிலையை அறிந்துகொள்வர்.

அம்மாவின் ஒரு நாள்

இனி, தேகு ரோட்டுக் குடும்பத்துக்குத் திரும்புவோம். அம்மாவுக்குத் தையல் தொழில் அன்று, விருப்பம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின்னர், சமையலறைப் பணிகளை முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் இயந்திரத்தின் முன் அமர்வார்.

முதலில் இயந்திரத்தைத் துடைப்பார். பருத்தித் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூள், பாபினைச் சுற்றிப் படியும். அதனைச் சிறு தூரிகையால் நீக்கி, உரிய துளைகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் இடுவார். பிறகு வீணான துணி ஒன்றில் தைத்துப் பார்ப்பார். தையல் சீராக இருந்தால் மட்டுமே நல்ல துணியைக் கையில் எடுப்பார்.

துணியை வெட்டுவதற்கு முன் துவைத்தாக வேண்டும். புதுப் பருத்தித் துணி சுருங்கும். சில சாயங்கள் கரைந்து மற்றத் துணிகளில் ஏறும். ஆனி முதல் ஆவணி வரை புனேயில் மழை விட்டுவிட்டுப் பெய்வதால், துவைத்தவை எளிதில் உலர்வதில்லை. அக்காலத்தில் அம்மா வெட்டும் வேலையை ஒத்திவைத்து, ஏற்கெனவே வெட்டிய துண்டுகளை நிறம் பார்த்து அடுக்குவார். நூல், பாபின், ஊசி ஆகியவை தீர்ந்தால் துளசிபாக்குக்கோ ரவிவார் பேட்டைக்கோ செல்வார்.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் இயந்திரத்துக்கு உறை போடப்படும். தரையில் குண்டூசி கிடக்கிறதா என்று காந்தத் துண்டு ஒன்றை ஓட்டிப் பார்ப்பார். சில நாள்களில் நான்கு வரிசைகள் முடியும். சில நாள்களில், தவறாகத் தைத்த ஒரே வரிசையைப் பிரிப்பதிலேயே அந்த ஒரு மணி நேரமும் கழியும்.

ஒரு நூலிழைப் பிழை

கோதடியின் மேற்பரப்பை அம்மா சதுரத் துண்டுகளால் அமைக்கிறார். ஒவ்வொரு துண்டும் 5 அங்குலச் சதுரம். நான்கு பக்கங்களிலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைவதால், தைத்த பின் அது 4½ அங்குலச் சதுரமாகும். அகலத்தில் 10 துண்டுகள், நீளத்தில் 16 வரிசைகள். மொத்தம் 160 துண்டுகள். முடிந்த அளவு 45 அங்குல அகலம், 72 அங்குல நீளம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தையல் கோடு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தள்ளிப் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் இரு பக்கமும் அப்பிழை நேர்ந்தால், ஒரு துண்டுக்கு எட்டில் ஒரு பங்கு குறையும். 10 துண்டுகளில் 1¼ அங்குலம் குறையும். அந்த வரிசை அடுத்த வரிசையோடு பொருந்தாது. சிறு பிழை சிறிதாகவே இருந்துவிடுவதில்லை என்பதை அளவு நாடா காட்டிவிடும்.

ஓர் அங்குலத்துக்கு 10 தையல் என்று கொண்டால், 160 துண்டுகளையும் இணைப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 14,000 தையல்கள் தேவைப்படும். கையால் தைத்தால் பல வாரங்கள் ஆகும் இவ்வேலையை, இயந்திரம் சில நாள்களில் முடித்துத் தரும். ஆயினும் எந்தத் துண்டுக்கு அருகில் எந்தத் துண்டு அமைய வேண்டும், எந்தப் புடவையை வெட்டலாம், எதனை வெட்டலாகாது என்பவற்றை இயந்திரம் சொல்லாது.

வெட்டுவதா, வைத்திருப்பதா?

பிள்ளைகளின் சிறுத்துப்போன பள்ளிச் சட்டைகள், அப்பாவின் பழைய வேட்டி, அம்மாவின் சுங்குடிப் புடவை ஆகியவற்றிலிருந்து துண்டுகள் சேர்ந்தன. பாட்டியின் புடவையை மட்டும் வெட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. மூன்று முறை கத்தரிக்கோலை எடுத்தார். மூன்று முறையும் கீழே வைத்தார்.

அடுத்த வீட்டில் வயது முதிர்ந்த மராத்திப் பெண்மணி ஒருவர் வாழ்கிறார். எல்லாரும் அவரை ‘ஆஜி’ என்றே அழைப்பர். மராத்தியில் ஆஜி என்பது பாட்டியைக் குறிக்கும். அவரும் ஒன்பது கெஜப் புடவை உடுத்துபவரே. அதனை மராத்தியர் ‘நவ்வாரி’ என்பர். ஆஜி, பாட்டியின் புடவையை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். நெடுநாள் மடிப்பிலேயே இருந்ததனால், மடிப்புக் கோடுகளில் இழைகள் நைந்து, இரண்டு இடங்களில் கிழிசல் விட்டிருந்தது.

“பெட்டியில் வைத்தால் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம், மகளே. மடித்து வைத்த துணி மடிப்பிலேயே கிழியும்” என்றார் ஆஜி.

அம்மா அன்று மாலையே அளவு நாடாவை எடுத்தார். ஒன்பது கெஜம் என்பது 324 அங்குலம். 76 அங்குல நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டினால் 228 அங்குலம் ஆகும். 47 அங்குலப் புடவை அகலம், கோதடியின் அகலத்துக்குப் போதும். கிழிசல் உள்ள இரண்டு துண்டுகளை நடு அடுக்குகளாக வைக்கலாம். அங்கே அவை மறைந்தும் இருக்கும், வெப்பமும் தரும். நல்ல துண்டு அடிப்புறமாகும். முந்தானையோடு மீதமுள்ள 96 அங்குலத்தில் ஒரு பகுதி, மேற்பரப்பின் சதுரங்களாகலாம். ஆஜி தம்முடைய பழைய நவ்வாரி ஒன்றின் கரையையும் கொண்டுவந்து தந்தார். அது நான்கு புறமும் விளிம்புப் பட்டியாயிற்று.

சதுரங்களை இயந்திரம் இணைத்தது. நான்கு அடுக்குகளையும் சேர்க்கும் தையலை மட்டும் கையாலேயே இடுவது என்று இருவரும் முடிவு செய்தனர். இயந்திரத்தில் கனமான அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். அடியில் உள்ள பற்கள் கீழ்த்துணியை வேகமாக நகர்த்தும். மேல்துணியோ, அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் அடியில் பின்தங்கிச் சுருக்கம் கொள்ளும். அதனைச் சீராக்கும் தனிப்பாதங்களும் உள்ளன. ஆயினும், தரையில் விரித்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைக்கும் முறையை ஆஜியிடம் கற்பதற்கு அம்மாவுக்கு வேறு வாய்ப்பு அமையாது. மாற்றல் ஆணை வந்துவிட்டது.

பங்குனி மாதத்தில் கோதடி முடிந்தது. கடைசி முடிச்சை ஆஜியே இட்டார். ஒரு பெட்டி நிறைய இருந்த துணிகள், ஒரு போர்வையாக மடிந்து சுமையுள் அடங்கின. புது ஊரின் முதல் இரவில், சாமான்கள் பிரிக்கப்படாத வீட்டில், இளைய மகள் அதனைப் போர்த்திக்கொண்டாள். எந்தச் சதுரம் தன் பழைய சட்டை, எது பாட்டியின் முந்தானை, எந்தக் கரை ஆஜியுடையது என்று விரலால் தொட்டுச் சொல்லியவாறே உறங்கிப்போனாள்.

முடிவுரை

இக்காலத்தில் மெல்லிய பாலியெஸ்டர் போர்வைகள் மலிந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறு இல்லை. ஆனால் வீடுதோறும் கோதடி தைத்த பெண்கள் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களிடம் அமர்ந்து கற்பவர் இல்லையெனில், ஓரத்திலிருந்து நடுவுக்குச் செல்லும் அந்தத் தையல் வழி மறைந்துபோகும். விருப்பத்துக்காகத் தைப்பவர்கள் இன்று ஆற்றும் பணி இதுவே. கை அறிந்ததைக் கை வழியாகவே அவர்கள் அடுத்தவருக்குத் தருகின்றனர்.

ஒரு பொருளைப் பூட்டி வைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது, பயன்படுத்துவதும் பாதுகாப்பே. துணிக்குப் பொருந்தும் இவ்வுண்மை மொழிக்கும் பொருந்தும். ஊர் விட்டு ஊர் செல்லும் பிள்ளைகள், வீட்டில் பேசும் தமிழையும் மடித்து வைக்காமல், நாள்தோறும் விரித்துப் போர்த்திக்கொள்ள வேண்டும்.

சொல்லும் பொருளும்

கெஜம் – மூன்று அடி நீளம்
கந்தை – கிழிந்த பழந்துணி
முந்தானை – புடவையின் தொங்கும் முனைப்பகுதி
கரை – புடவையின் ஓரப்பகுதி
இழுவிசை – நூலை இழுக்கும் விசை

எண்ணி எழுதுக

1. கோதடியின் அடுக்குகளுக்கு இடையே உள்ள காற்று என்ன பணி செய்கிறது?
2. பாரீசு நகரத் தையற்காரர்களின் அச்சம் நியாயமானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
3. 5 அங்குலத் துண்டுகளால், அகலத்தில் 12 துண்டுகளும் நீளத்தில் 16 வரிசைகளும் கொண்ட கோதடி தைத்தால், அதன் முடிந்த அளவு என்ன?
4. உம் வீட்டில் உள்ள பழந்துணி ஒன்றின் கதையை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.